எண்ணெய்க் குழிக்குக் காற்று வேண்டும்

எண்ணெய் தின்னும் பாக்டீரியா எங்கே கிடைக்கும், கிலோ என்ன விலை என்று இப்போதும் யாராவது போன் செய்து கேட்கிறார்கள். ஆலை மேலாளர்கள், ஊராட்சித் தலைவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் எங்கே கொட்டியிருக்கிறதோ அந்த மண்ணிலேயே அது இருக்கிறது என்று சொல்வேன். பலருக்கு இந்தப் பதில் ஏமாற்றம்தான். பணம் கொடுத்து வாங்கி, தூவிவிட்டுப் போய்விடக்கூடிய ஒரு பொருளைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

கச்சா எண்ணெய்க் கசடை நுண்ணுயிரிகளைக் கொண்டு மக்க வைப்பது என் தொழில். குஜராத் எண்ணெய் வயல்களில் தொடங்கி, அசாமுக்குப் போய், கடைசியில் சென்னைக்கு வந்து ஓய்வு பெற்றேன். இத்தனை ஆண்டுகளில் பாக்டீரியாவைத் தேடி அலைந்தது குறைவு. டிராக்டருக்கும் யூரியாவுக்கும் தண்ணீர் லாரிக்கும் அலைந்ததுதான் அதிகம்.

நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது எங்கள் துறையில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. மேற்கு வங்கத்தில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைச் சிதைக்கும் மரபணுக்கள் வெவ்வேறு சூடோமோனாஸ் பாக்டீரியாக்களின் பிளாஸ்மிடுகளில் இருந்தன. அவற்றை ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்த்துக் காட்டினார். அதற்குக் காப்புரிமை கேட்டு நடந்த வழக்கில் 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மனிதர் உருவாக்கிய உயிருக்குக் காப்புரிமை உண்டு என்ற அந்தத் தீர்ப்பு உயிரித் தொழில்நுட்ப வணிகத்துக்கே கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த பாக்டீரியாவை எந்த எண்ணெய்க் கசிவிலும் யாரும் இறக்கவில்லை. மரபணு மாற்றிய உயிரைத் திறந்தவெளியில் விடத் தயங்கினார்கள் என்பது ஒரு காரணம். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பல வகை பாக்டீரியாக்கள் அந்த வேலையைத் தங்களுக்குள் பங்கிட்டுச் செய்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அதை நான் களத்துக்குப் போன பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஆய்வகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நிற்கும் இடத்தில் நீரின் மேல் எப்போதும் டீசல் படலம் மினுமினுக்கும். அங்கிருந்து கொஞ்சம் சேறு எடுத்து வருவோம். நைட்ரஜன், பாஸ்பரஸ், மக்னீசியம், இரும்பு உப்புகள் மட்டும் கரைந்த நீரை ஒரு குடுவையில் ஊற்றுவோம். சர்க்கரையோ வேறு உணவோ அதில் கிடையாது. மேலே சில துளி கச்சா எண்ணெய், ஒரு சிட்டிகை சேறு. குடுவையை ஷேக்கரில் மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். முதல் ஓரிரு நாட்கள் எண்ணெய் கறுப்புப் படலமாகவே மிதக்கும். பிறகு படலம் கிழிந்து துளிகளாக உடையும். தெளிந்திருந்த நீர் கலங்கிப் பழுப்பாகும். அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், எண்ணெய்த் துளியின் விளிம்பைச் சுற்றிக் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். துளிக்கு நடுவில் ஒன்றும் இராது. எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் அந்த விளிம்பில்தான் அத்தனை வேலையும் நடக்கிறது. இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் களத்தில் பாதி முடிவுகளைத் தானாக எடுத்துவிடலாம். எண்ணெய் கட்டியாகக் கிடந்தால் விளிம்பு குறைவு, வேலையும் குறைவு. உடைத்துப் பரப்பினால் விளிம்பு கூடும்.

பாக்டீரியாக்களே கூட உடைப்பதற்கு வழி வைத்திருக்கின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா ரம்னோலிபிட் என்னும் சோப்புத்தன்மை கொண்ட பொருளைச் சுரக்கும். குடுவையைக் குலுக்கினால் நுரை நிற்பதற்கு அதுதான் காரணம். எண்ணெயில் நீண்ட சங்கிலியாக இருக்கும் ஆல்கேன் மூலக்கூறு எதனுடனும் எளிதில் வினை புரியாதது. அதன் ஒரு முனையில் ஒரு ஆக்சிஜன் அணுவைக் கொண்டுபோய்ச் செருகுவதுதான் கடினமான முதல் படி. அதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அந்தப் படி முடிந்ததும் சங்கிலி ஆல்கஹாலாகி, பிறகு கொழுப்பு அமிலமாகிவிடும். கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டிச் செரிக்கும் முறை பெரும்பாலான உயிர்களுக்குப் பொது. நாம் சாப்பிடும் எண்ணெயும் நம் உடலில் அப்படித்தான் செரிக்கிறது. பென்சீன் வளையமாக இருந்தால் முதலில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்து, வளையத்தை உடைத்து, பிறகு அதே வழிக்குக் கொண்டுவந்துவிடும். நேர்ச்சங்கிலிகள் முதலில் போகும். கிளைச் சங்கிலிகளும் சிறு வளையங்களும் அடுத்து. நான்கு ஐந்து வளையங்கள் சேர்ந்தவை மிகத் தாமதமாகும். தாரில் இருக்கும் அஸ்பால்டீனை ஏறக்குறைய எதுவும் தொடாது.

முதல் படிக்கே ஆக்சிஜன் வேண்டும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். எவ்வளவு வேண்டும் என்பது குஜராத்தில் மெஹ்சானா பக்கத்துக் கசடுக் குழி ஒன்றின் கரையில் நின்றபோதுதான் உறைத்தது. எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளின் அடியில் மெழுகும் மணலும் நீரும் கலந்து கெட்டியான கசடு படியும். அதை வழித்தெடுத்துக் குழிகளில் கொட்டி வைத்திருந்தார்கள். கோடையில் மேல்பரப்பு பளபளவென்று உருகிக் கிடக்கும். நீர்நிலை என்று நினைத்து இறங்கும் பறவைகள் அதிலேயே சிக்கிக்கொள்ளும். குளிரில் மேலே ஏடு கட்டிவிடும். பல ஆண்டுகளாகக் கிடந்த கசடு அது. பாக்டீரியா எண்ணெயைத் தின்னும் என்றால் இத்தனை வருடம் ஏன் தின்னவில்லை என்று அந்த இடத்தின் பொறுப்பு அதிகாரி என்னிடம் கேட்டார். மிகச் சரியான கேள்வி. ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் கரியமில வாயுவும் நீருமாக மாற ஏறக்குறைய மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் செலவாகும். காற்றில் எடைக் கணக்கில் ஆக்சிஜன் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஒரு டன் எண்ணெய்க்குப் பதினைந்து டன் காற்று. குழிக்குள் அந்தக் காற்று எந்த வழியாகப் போகும்? மேலே ஒரு விரல் கனத்துக்கு வேலை நடந்திருக்கும், அதற்குக் கீழே அப்படியே கிடந்திருக்கிறது.

குழியிலிருந்து ஜே.சி.பி.யால் கசடை வாரி, நீர் இறங்காத பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மண்ணோடு கலந்து, முழங்கால் உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, வாரத்துக்கு ஒருமுறையாவது டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி உழ வேண்டும். சுற்றிலும் வரப்பு, வடியும் நீரைப் பிடிக்க ஒரு தொட்டி. பார்ப்பவர்களுக்கு இது விவசாயம் என்றே தோன்றும். உரக் கணக்கும் விவசாயக் கணக்கேதான். எண்ணெயில் கார்பன் நிறைய உண்டு, நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை என்றே சொல்லலாம். பாக்டீரியா தன் உடம்பை வளர்த்துக்கொள்ள அவை வேண்டும். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது பழைய வாய்ப்பாடு. அதை அப்படியே போட்டால் ஒரு டன் எண்ணெய்க்கு 185 கிலோ யூரியா வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் அம்மோனியா கிளம்பி மூக்கை அரிக்கும், பாக்டீரியாவும் சாகும். அதனால் அந்தக் கணக்கில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் பல தவணையாகப் பிரித்து, உழவுக்கு முன்னால் தூவுவோம்.

ஈரம் பார்க்க மீட்டர் இருந்தது. ஆனாலும் கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பதையே நான் நம்பினேன். அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. விரலால் தட்டினால் உதிர வேண்டும். எண்ணெய் அதிகமுள்ள மண் தண்ணீரை உள்ளே விடாது. மேலே தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அப்போது இன்னும் கொஞ்சம் நல்ல மண்ணோ வைக்கோல் துண்டோ உமியோ கலக்க வேண்டும். வைக்கோல் சேர்த்தால் உள்ளே காற்றுப் போக இடுக்கு கிடைக்கும். எங்களிடம் டிராக்டர் ஓட்டிய உள்ளூர்ப் பெரியவர், வேலை நடக்கிறதா இல்லையா என்பதை உழும்போது வரும் வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். முதலில் பெட்ரோல் நெடி, பிறகு மெழுகுவர்த்தி அணைத்த வாசனை, கடைசியில் மழைக்குப் பிந்தைய மண் வாசனை. ஆய்வக முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அவர் சொன்னது பெரும்பாலும் அந்த முடிவோடு ஒத்துப்போனது.

அசாமில் சிக்கலே வேறு. திக்பாயில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 1889-இல், சுத்திகரிப்பு ஆலை வந்தது 1901-இல். அதற்கும் முன்பிருந்தே அந்தப் பக்கத்துக் காடுகளில் எண்ணெய் தானாகக் கசிந்துகொண்டிருந்த மண் அது. எங்கே எடுத்தாலும் எண்ணெய் சிதைக்கும் பாக்டீரியா கிடைக்கும். ஆனால் மழை விடாது. குழாய் கசிந்த வயலில் நீர் தேங்கி நிற்கும். மண்துளைகளில் நீர் நிறைந்தால் காற்றுக்கு இடமில்லை. குஜராத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த நான், அங்கே வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பதற்கே ஆட்களைத் தேடினேன். உழுவதற்குக் கிடைத்தது குளிர்கால மாதங்கள் மட்டும்தான். அப்போது குளிரில் பாக்டீரியாவின் வேகம் குறைந்துவிடும். ஒரே முறையை எல்லா ஊருக்கும் எழுதிக் கொடுப்பவரை நம்பக் கூடாது என்று நான் சொல்வது அசாமில் நனைந்த பிறகுதான்.

தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து பொடி வியாபாரம் சூடு பிடித்தது. டெல்லியில் டெரி நிறுவனம், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு, பல பாக்டீரியாக்களைச் சேர்த்து 'ஆயில்ஸாப்பர்' என்ற கலவையை உருவாக்கியது. மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றி, பைகளில் கட்டிக் களத்துக்கு அனுப்புவார்கள். முறையாக ஆய்வு செய்து வந்த பொருள் அது, நம் நாட்டுக் கசடுக் குழிகள் பலவற்றில் பயன்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக் கடை போட்டவர்கள்தான் பிரச்சினை. பையைப் பிரித்தால் தவிட்டைத் தவிர ஒன்றும் இராது. வளர்ப்புத் தட்டில் பரப்பினால் இரண்டு மூன்று புள்ளிகூட முளைக்காது. அப்படி ஒரு பொடியை ஓரிடத்தில் டன் கணக்கில் வாங்கிக் கொட்டினார்கள். உழவுக்கும் உரத்துக்கும் ஒதுக்கிய பணம் அதற்கே போய்விட்டது.

வெளியிலிருந்து பாக்டீரியா கொண்டுவந்தால் பயன் உண்டா என்பதை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்கரைகளில் பரவியது. முதலில் சுடுநீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயோடு கரையோர உயிர்களும் போயின. பிறகு 'இனிபோல்' என்ற, எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும் உரத்தையும் மெல்லக் கரையும் குருணை உரத்தையும் பெருமளவில் தெளித்தார்கள். உரம் போட்ட இடங்களில் சிதைவு வேகமானது உறுதியானது. விற்பனைக்கு வந்த பாக்டீரியாக் கலவைகளையும் சோதித்தார்கள். உரத்தை விட அவை கூடுதலாக எதையும் செய்யவில்லை. 1994-இல் டெலவேர் கடற்கரையில் வேண்டுமென்றே எண்ணெய் ஊற்றிப் பாத்தி பாத்தியாகச் சோதித்தபோதும் இதே முடிவு. அங்கே இயற்கையிலேயே நைட்ரஜன் நிறைய இருந்ததால் எதுவும் செய்யாத பாத்தியிலும் எண்ணெய் வேகமாகக் குறைந்தது. உரம் சற்றே உதவியது. பாக்டீரியா சேர்த்தது எதையும் கூட்டவில்லை.

இன்னொன்றும் அலாஸ்காவில் தெரியவந்தது. கூழாங்கல்லுக்கு அடியில் புகுந்த எண்ணெய் இருபது ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் மணத்தோடு இருந்தது. மேலே இருந்ததைத் தின்ற அதே பாக்டீரியாக்கள் கீழேயும் உண்டு. அங்கே காற்றும் ஊட்டமும் போய்ச் சேரவில்லை.

பொடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு கிலோ கசடில் முப்பது நாற்பது கிலோ எண்ணெயும் உப்புநீரும் கலந்து கிடக்கும் குழியில் உயிர் மிகக் குறைவாக இருக்கும். அங்கே நல்ல கலவை சேர்த்தால் தொடக்கத்தில் வீணாகும் சில வாரங்கள் மிச்சமாகும். அதையும் அதே குழியின் ஓரத்து மண்ணிலிருந்து எடுத்து வளர்த்தால் இன்னும் நல்லது. பழைய மக்கிய பாத்தியிலிருந்து ஒரு டிராலி மண்ணை எடுத்துப் புதுப் பாத்தியில் கலப்போம். அதற்கு விலை இல்லை.

இந்தத் தொழிலில் ஏமாற்று அதிகம் நடப்பது அளப்பதில். மண்ணில் மொத்த எண்ணெய் ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்தால் பணி முடிந்தது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். பத்துச் சதவீதம் உள்ள மண்ணோடு ஒன்பது மடங்கு நல்ல மண்ணைக் கலந்தால் அந்த எண் ஒரே நாளில் வந்துவிடும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடச் சிதைந்திருக்காது. இப்படிச் செய்துவிட்டு வெற்றி என்று அறிக்கை கொடுத்த ஒப்பந்தக்காரரை நான் எதிர்த்திருக்கிறேன். ஆவியாகிப் போனதையும் மழையில் வழிந்து போனதையும் பாக்டீரியாவின் கணக்கில் எழுதியவர்களும் உண்டு.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மண்ணிலிருந்து எண்ணெயைக் கரைப்பானில் பிரித்து, காஸ் குரோமட்டோகிராப் கருவியில் ஓட்டினால் தாளில் ஒரு படம் வரும். புது எண்ணெயில் நேர்ச்சங்கிலிகள் சீப்புப் பற்கள் போல வரிசையாக நிற்கும். பதினேழு கார்பன் கொண்ட பல்லுக்கு ஒட்டினாற்போல் பிரிஸ்டேன், பதினெட்டுக்கு ஒட்டினாற்போல் ஃபைட்டேன் என்று இரண்டு கிளைச் சங்கிலிகள் நிற்கும். ஆவியாவதானால் அந்த ஜோடிகள் சேர்ந்தே குறையும். பாக்டீரியா தின்றால் பதினேழும் பதினெட்டும் முதலில் சரியும், பக்கத்துத் துணை தாமதிக்கும். அந்த விகிதம் சரிந்ததைப் பார்த்தால் உயிர் வேலை செய்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பிறகு எல்லாப் பற்களும் கரைந்து, அடியில் ஒரு மேடு மட்டும் மிஞ்சும். கலப்படம் செய்தார்களா என்று பார்க்க ஹோப்பேன் இருக்கிறது. பழங்காலத்து பாக்டீரியாக்களின் உடலிலிருந்து வந்து எண்ணெயில் தங்கிவிட்ட மூலக்கூறு அது, எளிதில் சிதையாது. மற்ற எண்ணெயெல்லாம் குறையும்போது ஹோப்பேனோடு ஒப்பிட்ட விகிதமும் குறைய வேண்டும். நல்ல மண்ணைக் கலந்து எண்ணைக் குறைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து குறைந்திருக்கும், விகிதம் அசையாது. எக்ஸான் வால்டெஸ் ஆய்வுகளில் நிலைபெற்ற இந்த முறை நம் ஒப்பந்தங்களில் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வந்தேன். செலவு அதிகம் என்றார்கள். பொடிக்குக் கொடுத்ததைவிட அது குறைவு.

இதே பாக்டீரியாக்களை விரட்டச் சொல்லியும் அழைப்பு வரும். ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோனது. மெக்கானிக் ஃபில்டரை மாற்றி மாற்றிச் சலித்துப்போயிருந்தார். கழற்றிய ஃபில்டரில் பழுப்பு நிறத்தில் வழவழப்பான தோல் படிந்திருந்தது. டீசல் டேங்க்கின் அடி வால்வைத் திறக்கச் சொன்னேன். முதலில் வந்தது டீசல் இல்லை, அழுகிய முட்டை நாற்றத்தோடு கலங்கல் நீர். இரவு பகல் வெப்ப மாற்றத்தில் டேங்க்குக்குள் காற்றிலுள்ள ஈரம் வியர்த்து அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். நீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். விமான எரிபொருள் தொட்டிகளில் வளர்ந்து தொல்லை கொடுத்ததால் மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்று பெயர் வாங்கிய ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சையும் இந்த இனம்தான். மருந்து ஊற்றுவது இரண்டாவது வேலை. வாரம் ஒருமுறை அடிநீரை வடித்தால் பெரும்பாலான டேங்க்குகளுக்கு மருந்தே வேண்டியிருக்காது. நீர் இல்லாமல் எந்த உயிரும் டீசலைத் தொடுவதில்லை.

எண்ணூரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்தது கப்பலின் கனத்த எரிபொருள் எண்ணெய். முதலில் சொன்ன அளவு பின்னால் பல மடங்கு கூடியது. தன்னார்வலர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளிகளால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே வருந்தியது. என்னைப் பார்த்தவர்களெல்லாம், பாக்டீரியாவைக் கடலில் தூவினால் முடிந்துவிடாதா என்று கேட்டார்கள். கடலில் தூவியது அலையோடு போகும். கனத்த எரிபொருள் எண்ணெயில் எளிதில் தின்னக்கூடிய நேர்ச்சங்கிலி குறைவு, தார்த்தன்மை அதிகம். கையால் அள்ளியது அவமானம் என்று பலர் எழுதினார்கள். பாதுகாப்பு உறையும் முகமூடியும் இல்லாமல் பலரை இறக்கியதுதான் தவறு. அந்த எண்ணெயை அள்ளியே ஆக வேண்டும். அள்ளிய கசடைக் கரையில் குழிகட்டி, மண் கலந்து, நுண்ணுயிரிகளைக் கொண்டு மக்க வைக்கும் வேலையை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு செய்தது. அதுதான் சரியான இடம், சரியான முறை.

அமெரிக்காவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைஸன் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. அங்கே பாக்டீரியா கடலையே சுத்தம் செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. 1,100 மீட்டர் ஆழத்தில், 5 டிகிரி குளிரில், ஓஷனோஸ்பிரில்லேல்ஸ் வகை பாக்டீரியாக்கள் பெருகி எண்ணெயைச் சிதைத்தது உண்மை. மெக்சிகோ வளைகுடாவின் அடித்தரையில் காலங்காலமாக எண்ணெய் கசிந்துகொண்டிருப்பதால் அவை அங்கே தயாராக இருந்தன. எண்ணெயோ இலேசானது. நுண்துளிகளாகச் சிதறி ஆழ்கடல் நீரில் கலந்துபோயிருந்தது. அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூர்ச் சேற்றைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குள் வந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப் பறக்க முடியாமல் நின்றன. காட்டுக்குப்பம் பக்கம் ஒரு மீனவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். அலையாத்திச் செடிகளின் அடித்தண்டுகளில் நீர் ஏறிய மட்டம் வரைக்கும் கறுப்புப் பட்டை. அவர் துடுப்பைச் சேற்றில் குத்தி இழுத்தார். குத்திய துளையிலிருந்து வானவில் படலம் கிளம்பி விரிந்தது. "சார், மேல கீறத அள்ளிடுவாங்க. சேத்துக்குள்ள பூந்தது எங்க போவும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் தொழிலில் நேரடியான பதில் இருக்கிறது. முகத்துவாரச் சேற்றில் மேலே ஒரு மெல்லிய அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே சல்பேட்டை மூச்சாக எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவையும் எண்ணெயைச் சிதைக்கும். ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபுமரேட் என்ற அமிலத்தை மூலக்கூறோடு ஒட்டவைத்துத் தொடங்கும் வேறு வழி அவற்றுக்கு உண்டு. தொண்ணூறுகள் வரை இதை நம்பாதவர்களே அதிகம். ஆனால் அந்த வழி மெதுவானது. காற்றுள்ள பாத்தியில் மாதக் கணக்கு என்றால் அங்கே ஆண்டுக் கணக்கு. அந்தச் சேற்றை உழவும் முடியாது. உழுதால் அலையாத்தி வேர்கள் அறுபடும், மேலே இருக்கும் எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போகும். உள்ளே மிதித்து நடப்பதே கெடுதல். செடிகளுக்கு இடையில் கனமாகப் படிந்ததைப் பலகை போட்டு நின்று அள்ளலாம். முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் ஓதநீர் தாராளமாக வந்து போகும்படி வைத்திருக்கலாம். நண்டு வளைகள் வழியே காற்று உள்ளே போகும், அதனால் நண்டுகள் திரும்பி வரும்வரை அங்கே வேறு தொந்தரவு கூடாது. மீன்பிடியை இழந்தவர்களுக்குச் சில மாதத்துக்கு மட்டும் நிவாரணம் என்று கணக்குப் போடுகிறார்கள். சேற்றின் கணக்கு சில மாதம் இல்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது தட்டில் வளரும் பாக்டீரியாவை மட்டுமே எங்களால் பார்க்க முடிந்தது. மண்ணில் இருப்பவற்றில் மிகச் சொற்பம் அது. இப்போது ஒரு கரண்டி மண்ணை அனுப்பினால் அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்திப் பட்டியல் வந்துவிடுகிறது. எண்ணெயைத் தவிர வேறு எதையும் அதிகம் விரும்பாத அல்கானிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்கு 1998-இல்தான் பெயரே வைத்தார்கள். வட கடலில் போர்க்கும் தீவுக்கு அருகில் எடுத்தது. சாதாரணக் கடல்நீரில் தேடினால் அரிதாகக் கிடைக்கும் அது, எண்ணெய் கொட்டியதும் பெரும்பான்மையாகிவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியல் களத்து முடிவை மாற்றியது அபூர்வம். எது குறைகிறது, காற்றா, ஈரமா, ஊட்டமா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் இன்றும் முடிவெடுக்கிறோம்.

காவிரிப் படுகையில் எண்ணெய்க் குழாய்கள் வயலுக்கு அடியில் ஓடும் ஊர்களில் இருப்பவர்களுக்கும், எண்ணூர் போன்ற கரைகளில் இருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். வயலில் எண்ணெய் கசிந்தால் தீ வைக்காதீர்கள், யாரையும் வைக்கவும் விடாதீர்கள். இலேசானது எரிந்து, சிதையாத தார்தான் மிஞ்சும். மேலே மணலைக் கொட்டி மூடுவதற்குச் சம்மதிக்காதீர்கள், காற்றை அடைப்பது அதுதான். வரப்பை உயர்த்திப் பரவாமல் நிறுத்துங்கள், வாய்க்கால் மடையை அடையுங்கள், தேங்கியதை அள்ளச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய ஆட்கள் வருவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதி எழுதிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அளவீடு கெட்டுவிடும். ஒரு மூலையில் சிறு பாத்தியை வரப்புக் கட்டி, எதுவும் செய்யாமல் ஒப்பீட்டுக்கு விடும்படி கேளுங்கள். பணி முடிந்தது என்று சொல்லும்போது சதவீதத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல், முதல் நாள் மண்ணுக்கும் கடைசி நாள் மண்ணுக்கும் எடுத்த குரோமட்டோகிராப் தாள்கள் இரண்டையும் கேட்டு வாங்கி, பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள்.